ஒன்பதாவது ஆள்

1

போன வாரம் எங்கள் ஆய்வு முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கி இத்தனை ஆண்டுகளாக, சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுப் போன தன்னார்வலர்களை வரவழைத்து, ஆஸ்பத்திரி உணவகத்தில் காப்பியும் கேக்கும் வைத்து விடைகொடுத்தோம். ஜெர்மனியில் லைப்சிக் என்ற நகரத்தில் இருக்கிறேன். நுரையீரல் பழுதுபட்டவர்களுக்குத் தடுப்பூசியின் காப்பு எவ்வளவு காலம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வு. அதில் என் வேலை, அவர்களுக்குப் போன் செய்வது, எடுக்கிற ரத்தம் எதற்கென்று விளங்கும்படி சொல்வது, பயந்தால் பேசுவது, வராமல் விட்டால் விசாரிப்பது.

அவர்களில் க்ரூகர் என்று ஒருவர், டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. கேக் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எங்களையெல்லாம் பேசிப் பேசிக் கூட்டிவந்தாயே, உன் வீட்டில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டார்களா?" என்று கேட்டார்.

"யா" என்றேன். ஆமாம் என்பதற்கு இந்த ஊர் மொழியில் அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுக்கப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஓரெழுத்துப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் இல்லை, ஆனால் அதில் யாருமே இல்லை. அவருக்குச் சொல்ல நேரமும் இல்லை, என் ஜெர்மனுக்கு அவ்வளவு தெம்பும் இல்லை. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லலாம்.

2

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. மலையில் பல ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. சாமை, கேழ்வரகு, மரவள்ளி, கொஞ்சம் மிளகு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். விடுதியில் தங்கிப் படித்து, மலைக்குக் கீழே சமவெளியில் கல்லூரி முடித்து, மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து இங்கே வந்தேன். வந்து சில மாதங்களில் உலகம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது.

என் பெயர் செந்தில், அப்பா பெயர் சின்னுசாமி. நம் ஊரில் அது ஒரு முன்னெழுத்தோடு முடிந்துவிடும். இங்கே குடும்பப் பெயர் இல்லாத மனிதனே கிடையாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அம்மையார் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பா பெயரை எடுத்து எனக்குக் குடும்பப் பெயராக வைத்துவிட்டார். அன்றிலிருந்து வங்கியிலும் ஆய்வகத்திலும் நான் 'ஹெர் சின்னுசாமி'. 'ஹெர்' என்றால் திருவாளர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் அப்பாவை ஒரு ஐரோப்பிய ஆஸ்பத்திரியின் நடைபாதையில் தினமும் திருவாளர் போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. அப்பாவைப் பற்றிய கவலை வந்த பிறகு, யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே போனை எடுத்துப் பார்ப்பேன்.

மொழியில் நான் செய்த தவறுகளுக்கு ஒரு தனிப் புத்தகம் போடலாம். இங்கேயும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. எனக்கு 'ங்க' போடாமல் வாய் வராது. மழலையர் பள்ளிப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு நாயையும் 'நீங்கள்' என்றுதான் சொல்வேன். என் மேற்பார்வையாளர் பிரிகிட்டே, "இவர் குளிர்பெட்டியிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

விசா நீட்டிப்புக்கு மனுப் போட்ட காலம் அது. அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மின்னஞ்சலுக்கு, 'உங்கள் மனு கிடைத்தது, பொறுமைக்கு நன்றி' என்று தானாகவே ஒரு பதில் வரும். ஊருக்குப் போக விமானமும் இல்லை, போனால் திரும்பி வரக் காகிதமும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்து ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

3

அப்பாவுக்கு முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தது. நோய் போனாலும் நெஞ்சில் தழும்பு நின்றுவிட்டது. ஏற்றத்தில் ஒரு சுமை எடுத்தால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு விடுவார். இப்படிப்பட்ட நெஞ்சுக்குள் இந்தக் கிருமி போனால் என்ன ஆகும் என்று பகலெல்லாம் ஆய்வகத்தில் படிக்கிற வேலை எனக்கு. தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இரண்டாம் அலை வந்தது. மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் எங்கள் மிளகை வாங்குகிற மளிகைக்கடை பாய் இறந்துபோனார். அப்பாவுக்கு அவர் வியாபாரி மட்டுமில்லை. காசநோய் மாத்திரை வாங்கக் கீழே இறங்கிய நாட்களில் அப்பாவைக் கடைக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பியவர். பாதையில் முள்வேலி போட்டு ஊர் அடைத்துக்கொண்டிருந்ததால் அப்பாவால் போய் முகம் பார்க்கவும் முடியவில்லை. போனில் அதை இரண்டு முறை சொன்னார். அவர் இருமுகிறாரா என்று நான் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஊசி போட்டுக்கோங்க. இந்தச் சீக்கு உங்க நெஞ்சுக்குத் தாங்காது."

"சரி சாமி."

"எப்பப் போட்டுக்குவீங்க?"

"ஊரு போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேன்."

"ஊரு எப்பப் போட்டுக்கும்?"

"அதை ஊருல்ல சொல்லோணும்."

ஊர் போட்டுக்கொள்ளவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வளர்மதி அக்கா ஜீப்பில் ஐஸ் பெட்டியோடு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் திரும்பிப் போயிருந்தார். பயத்தில்தான் மறுக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நான் படித்த கட்டுரைகளெல்லாம் அப்படித்தான் சொல்லின. ஊசி எப்படி வேலை செய்கிறது, காய்ச்சல் ஏன் வருகிறது, பிள்ளை பெறுவதற்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசிப் பதிவுசெய்து அனுப்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அம்மா அங்கே ஏறி வாங்கிக்கொண்டு வந்து ரேஷன் கடை முன்னால் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்.

"எல்லாரும் கேட்டாங்க கண்ணு. ரேடியோவுல பேசற மாதிரியே இருக்குதுன்னாங்க."

"ஊசி போட்டுக்கிட்டாங்களாம்மா?"

"அது இல்ல. ஆனா நெம்ப நல்லாப் பேசறான்னு சொன்னாங்க."

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எதுக்கு இப்படிப் பயந்து சாகிறீங்க என்று அம்மாவிடம் கத்திவிட்டேன்.

"யாருக்குடா பயம்?" என்றார் அம்மா. "பாம்பு கடிச்சா ஊசி போடறதில்லையா? பிள்ளைகளுக்கு அம்மை ஊசி போடறதில்லையா? அந்த நர்சம்மா கொஞ்சம் பேருக்குத்தான் மருந்து கொண்டாந்துச்சு. முன்னாடி வர்றவங்களுக்குப் போடறேன், மிச்சப்பேரு அடுத்த வாட்டிங்குது. மிச்சப்பேரு என்ன பண்றது, நின்னு வேடிக்கை பாக்கறதா? புதுச்சாமையை நாம அப்படித்தான் திம்பமா?"

அத்தோடு கத்துவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் புதுச்சாமை அறுத்தால் யாரும் தன் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். எல்லா வீட்டுச் சாமையும் கோவில் முன்னால் வந்து ஒரே பானையில் வேகும். எல்லோரும் ஒரே நாளில் உண்ட பிறகுதான் அவரவர் வீட்டுக்கு. ஒரு வீட்டுக் காட்டில் அறுப்பு தாமதமானால் ஊரே அதற்காகக் காத்திருக்கும். நல்லது எது வந்தாலும் பாதிப்பேர் முந்திக்கொண்டு பாதிப்பேரைப் பார்க்கவிடுவது அங்கே கேவலம். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த எனக்கு, ஊசி விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

4

வளர்மதி அக்காவைப் போனில் பிடித்தேன்.

"அக்கா, எங்க ஊருக்கு ஒரே நாள்ல எல்லாருக்கும் மருந்து கொண்டுவர முடியுங்களா?"

"ஏஞ்சாமி, நான் என்ன மருந்துக்கடையா வெச்சிருக்கறேன்? குடுக்கறதைக் கொண்டாரேன்."

"கொஞ்சமா வந்தா ஒருத்தரும் போட்டுக்க மாட்டாங்க. மொத்தமா வந்தா மொத்தப்பேரும் போட்டுக்குவாங்க." விவரத்தைச் சொன்னேன்.

கேட்டு முடித்த பிறகு, "ரெண்டு தடவை மலையேறி வந்தேனே, ஒரு வாய் சொன்னாங்களா உங்க ஊர்க்காரங்க? டீயைக் குடுத்து, வறுத்த கடலையைக் குடுத்து, நாளைக்குப் பாக்கலாம்னு அனுப்பி வெச்சாங்க" என்றார்.

"நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்க."

"நீ கேட்டியா?"

கேட்டுவிட்டு அவர் சிரித்துவிட்டார்.

அடுத்த சில வாரங்கள் அவர் என்னென்ன செய்தார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. டாக்டரிடம் பேசினார், மேலே இருந்தவர்களிடம் பேசினார். ஒரே ஊருக்கு அவ்வளவையும் தூக்கிக் கொடுத்தால் மற்ற ஊர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் போய்ப் பெட்டியிலேயே திரும்பி வருகிற மருந்துக்கு இப்போது யார் பதில் சொல்கிறார்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள்.

இந்த மாதிரி மனிதர்கள் என் வாழ்க்கையில் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் போகாத இடங்களுக்கு நான் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் இன்னொருவரிடம் எனக்காகக் குரலை உயர்த்தியிருப்பார்.

5

குறித்த நாளன்று இங்கே காலை, அங்கே மதியம் ஆகப்போகிறது. ஆய்வகத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றிருந்தேன். பிரிகிட்டேயிடம் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், என் குழாய்களுக்கு அவரே சீட்டு ஒட்ட உட்கார்ந்துவிட்டார். பாறைமேல் அம்மா.

"ஆரம்பிச்சுட்டாங்களாம்மா?"

"ஆரம்பிச்சாச்சு. உன்ற சித்தப்பன் சட்டையையே கழட்டிட்டு நிக்கறான். கையை மட்டும் காட்டுனாப் போதும்னு அந்தம்மா சொல்லுது, கேக்க மாட்டீங்கறான்."

"அப்பா போட்டுக்கிட்டாரா?"

"அவரு ஒவ்வொரு ஊடாக் கூப்பிட்டு உட்டுக்கிட்டு இருக்கறாரு. கடைசியாத்தான் வருவாரு."

"முதல்லயே போட்டுக்கச் சொல்லுங்கம்மா."

"பரிமாறறவரு முன்னாடி உக்காந்து தின்னா நல்லாவா இருக்கும்?"

ஊர்ச்சோற்றுக்குப் பரிமாறுவது அப்பாதான். எல்லோரும் உண்ட பிறகுதான் உட்காருவார், அவர் உண்டு முடிக்கும்வரை ஒருவரும் பந்தியை விட்டு எழ மாட்டார்கள். ஊரையே ஊசிக்குக் கூட்டிவந்த அதே வழக்கம், ஊசி அதிகம் தேவைப்பட்டவரைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்துதான் எல்லோருக்கும் இருக்கிறதே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கணக்கில் வராத ஒருத்தி இருந்தாள். பிரசவத்துக்காகப் பெரக்கரை நாட்டிலிருந்து தாய்வீடு வந்து, கைக்குழந்தையோடு இருந்த எங்கள் ஊர்ப் பெண். பால் கொடுக்கிறவர்களும் போட்டுக்கொள்ளலாமா என்று அவள் கேட்க, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார் அக்கா. அவளை முன்னால் விடச் சொன்னவர் அப்பாதான்.

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா, "கண்ணு, பாட்டில் தீந்துபோச்சாம்" என்றார்.

"யாராருக்கு இல்ல?"

"உங்கப்பாவுக்கு மட்டுந்தான்."

வளர்மதி அக்கா பாறைமேல் ஏறிவந்து போனை வாங்கினார். "சாமி, இன்னொரு பாட்டில் பொட்டியில இருக்குது. நாளைக்கு வேற ஊருக்கு எடுத்து வெச்சது. ஒரு பாட்டில்னா பத்துப் பேருக்கு. ஒடைச்சா நாலு மணி நேரத்துக்குள்ள தீக்கோணும். இவருக்காக மட்டும் ஒடைச்சா ஒம்பது பேரு மருந்தைத் தூக்கி ஓடையில ஊத்தற மாதிரி. நீ இதுலயே வேலை பாக்கறவன், நீயே சொல்லு. ஒடைக்கட்டுமா?"

என்னைச் சோதிப்பதற்காக அவர் கேட்கவில்லை. நான் சொன்னால் உடைத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு சொட்டு மருந்து வீணானாலும் அன்று முழுக்க யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அந்த ஒன்பது பேர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களிலும் யாருக்காவது நெஞ்சில் தழும்பு இருக்கும்.

"வேண்டாங்கக்கா" என்றேன்.

"சரி சாமி" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஜீப்பு கிளம்பறதுக்குள்ள இன்னும் ஒம்பது பேரைக் கூட்டியாந்தா ஒடைக்கறேன். இந்த ஊர்ல பாக்கி ஆளு இல்ல."

போன் மறுபடியும் அம்மாவிடம் வந்தது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்து, அப்பாவை நிழலில் உட்காரச் சொல்லுங்கள் என்றேன்.

"எல்லாருந்தான் உக்காந்திருக்கறாங்க. ஒருத்தரும் எந்திரிக்கல. ஒரு எலை பாக்கி இருக்கறப்ப எப்படி எந்திரிக்கறதுங்கறாங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் மொத்தமும் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறது. ஆனால் அவர்களும் எங்களைப் போலத்தான், போட்டால் மொத்தமாகத்தான் போடுவார்கள். அவர்களுக்கான மருந்து வர இன்னும் நாளாகும். அதில் ஒன்பது பேர் மட்டும் எழுந்து வருவது நடக்காத காரியம்.

அப்போதுதான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. அது தன் யோசனைதான் என்று இன்றைக்கும் ஊரில் நாலு பேர் சொல்கிறார்கள். ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போகிறவனுக்குத் தன் ஊர்க் கட்டுப்பாடு கிடையாது. தன் ஊரில் புதுச்சாமை பொங்காவிட்டாலும், பக்கத்து ஊரில் விருந்துக்கு அழைத்தால் போய் உண்ணலாம். அதில் குற்றமில்லை. சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு பேரோடு, தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார். ஊசிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது இந்த உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சிக்னல் அறுந்துபோனது. பிரிகிட்டே கையுறையோடு வெளியே வந்து பார்த்தார். நான் விவரம் சொன்னதும், "இப்போது எத்தனை பேர்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உள்ளே போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். "எத்தனை?" அவருக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. அந்தக் காலையில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்கு இன்றும் தெரியாது.

லைன் கிடைத்தது. "வாராங்க கண்ணு. ஓடையைத் தாண்டறாங்க. அஞ்சு... ஏழு... எட்டுப் பேரு."

"எட்டா?"

"எட்டுத்தான்."

எட்டு என்று பிரிகிட்டேயிடம் விரலால் காட்டினேன். ஜீப் டிரைவர் ஹாரன் அடிப்பது எனக்கே கேட்டது. மேகம் இறங்கிவிட்டால் வளைவுகளில் பாதை தெரியாது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"கண்ணு," அம்மாவின் குரல் திடீரென்று தணிந்தது. "வெள்ளையண்ணன் வாரான்."

வெள்ளையன் மாமா அம்மாவுக்குப் பெரியப்பா மகன், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர். அவருடைய காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவே ஒரு பலாமரம் நிற்கிறது. அது யாருடையது என்பதில் தொடங்கிய வழக்கு, நான் விடுதிக்குப் போன வருடத்திலிருந்து ஊர்க்கூட்டத்தில் நடக்கிறது. அவரும் அப்பாவும் ஒருவரோடு ஒருவர் பேசி அத்தனை காலமாகிறது. கல்யாணத்திலும் சாவிலும் ஒரே பந்தலில் உட்கார்ந்து வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அம்மா பாறையை விட்டு இறங்கி நடந்தார். சிக்னல் அறுவதும் சேர்வதுமாக, மைதானத்துக் குரல்கள் விட்டுவிட்டுக் கேட்டன.

"ஏனுங்க நர்சம்மா, எந்தக் கையில?" அது வெள்ளையன் மாமா.

"எந்தக் கைனாலும் சரிங்க."

"அப்ப எடது கையில போடுங்க. சோத்துக்கை கூட்டத்துல நீட்டிப் பேசறதுக்கு வேணும்." சுற்றிலும் சிரிப்பு. அவர் அப்பாவிடம் பேசவில்லை, காற்றைப் பார்த்துப் பேசினார். "சிலபேரு பாட்டுக்குச் செத்துக்கித்துப் போயிட்டா, நான் மரத்துக்கு யாருகூட வழக்காடறது?"

அப்பாவும் காற்றைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மரம் யாருதுன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியறதுனாலதான் வந்தேன்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க, பி.பி. ஏறிக்கும்" என்றார் வளர்மதி அக்கா. "பாட்டிலை ஒடைக்கறேன்."

ஒறம்பரைகளுக்கு முன்னால் தான் உட்கார மாட்டேன் என்று அப்பா அப்போதும் பின்னால்தான் நின்றாராம். ஒன்பது பேருக்கும் முடிந்த பிறகு சட்டைக் கையை மடித்தார். அந்த நேரம் லைன் போய்விட்டது. அது திரும்பக் கிடைத்தபோது அம்மா, "முடிஞ்சுது சாமி. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க" என்றார்.

பிரிகிட்டே ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, "ஒன்பது?" என்றார்.

"பத்து" என்றேன்.

6

இரண்டாவது ஊசிக்கும் அப்படியே நடந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் இடையில் மருந்து வந்து மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரும் முறைப்படி எங்கள் ஊருக்கே வந்து அப்பாவோடு போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த அலையில் அப்பாவுக்குத் தொற்று வந்தது. காய்ச்சலும் இருமலுமாக வீட்டிலேயே படுத்திருந்து எழுந்துவிட்டார். ஊசியால்தான் பிழைத்தார் என்று ஒரே ஆளை வைத்துக்கொண்டு சொல்ல என் தொழில் என்னை அனுமதிக்காது. நான் அதைச் சொல்வதில்லை. நன்றியோடு இருப்பதற்கு அந்தத் தடை கிடையாது.

இங்கே என் வேலையும் அதற்குப் பிறகு மாறிவிட்டது. நகரத்தின் ஓரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. எரித்திரியாவிலிருந்து வந்த குடும்பங்கள் அதில் நிறைய. ஆய்வுக்குக் கூப்பிட்டு வீடு வீடாகக் கடிதம் போட்டார்கள், யாரும் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உங்களில் யாரைக் கேட்டால் எல்லோரையும் கேட்டதாக ஆகும் என்று அங்கே போய் விசாரித்தேன். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள். காப்பிக்கொட்டையை எங்கள் கண்ணெதிரே வறுத்து, மூன்று சுற்றுக் காப்பி கொடுத்து முடிக்கும்வரை ஒருவரும் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. பிரிகிட்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்று முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். என் மனைவி கவிதா ராசிபுரத்துப் பெண், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் மழலையர் பள்ளிக்குப் போய்வந்து எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்கிறாள். வீடியோவில் அம்மா, "சோறு தின்னியா கண்ணு?" என்று கேட்டால், "நைன்" என்கிறாள். இல்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்த ஒரு சொல் பழகிவிட்டது. அவள் பள்ளியில், பிறந்தநாளுக்கு மிட்டாய் கொண்டுபோகிற பிள்ளை முதலில் தான் எடுத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம், அது பிறந்தநாள் பிள்ளையின் உரிமை. எங்கள் வீட்டில் கடைசியில்தான் எடுக்கணும் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்கிறாள். அந்த ஏனுக்கு ஜெர்மனில் என்னிடம் இன்னும் சரியான வாக்கியம் இல்லை.

7

விசாக் காகிதம் சரியான பிறகு குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். போன இரண்டாம் நாளே ஓடையைத் தாண்டி வெள்ளையன் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தினார்.

"நன்றி கின்றியெல்லாம் வேண்டாம். ஒரு ஆளு கொறையுதுன்னாங்க, வந்தேன். ரெண்டு ஆளு கொறையுதுன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"ஏனுங்க மாமா?"

"ரெண்டு ஆளுன்னா வேற யாராச்சும் போவாங்கன்னு உக்காந்திருப்பேன். ஒரு ஆளுன்னா அது நாந்தானே."

வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பொய் சொல்றான்" என்றார்.

"எதுங்கப்பா பொய்?"

"வெத்தல பாக்கைப் பாத்துட்டு அந்த ஊர்ல ஒருத்தரும் எந்திரிக்கல. ஊசிக்கு என்ன ஒறம்பரைன்னு சிரிச்சிருக்கறாங்க. இவன்தான் எந்திரிச்சு, அழைச்சவங்க ஊட்டுக்குப் போகாம இருக்கறது எந்த ஊரு மொறைன்னு சத்தம் போட்டு, அந்த எட்டுப் பேரையும் கெளப்பி உட்டிருக்கறான். மொதல்லயே அவனும் கூட வந்தா நான் மொறைச்சுக்கிட்டு வேண்டாம்னுருவேன்னு ஊட்லயே நின்னுக்கிட்டான். எட்டுத்தான் தேறுச்சுன்னதும் வந்துட்டான்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். உன்ற சித்தப்பன் சொன்னான்."

"அப்பறம் எதுக்கு இன்னும் பேச மாட்டேங்கறீங்க? அந்த மரத்தை அவருக்கே உட்டுரலாமுங்களே."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்தும் இவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற பார்வை. "அது வேற, இது வேற" என்றார்.

அந்த வாரம் ஊர்க்கூட்டம் இருந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வெள்ளையன் மாமா சொன்னபடியே வலது கையை நீட்டி நீட்டிப் பேசினார். அப்பா நடுநடுவே மூச்சு வாங்கி நின்று பேசினார். அவர் நிற்கிற இடங்களில் மாமாவும் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். யாரும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக, என் அப்பா தோற்றால் தேவலை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு வழியில்லாமல் போனது. கூட்டத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, வழக்கம்போல எதையும் முடிக்காமல், அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேரும் தவறாமல் வந்துவிட வேண்டும் என்றார்.

"வாரேன்" என்றார் அப்பா.

"நானும் வாரேன்" என்றார் வெள்ளையன் மாமா.